சொந்தத் தொழிலா? முதலில் தூக்கத்தைக் கவனியுங்கள்!

போன ஆடி மாசம். மத்தியானம் ஒரு மணி இருக்கும். கடைசி நோயாளியாக ஒரு பெண்மணி உள்ளே வந்தார். வயது முப்பத்தெட்டு. நாமக்கல் பக்கம் ஒரு கிராமம். கணவர் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள்.

"என்னம்மா செய்யுது?"

"நெஞ்சு எரியுதுங்க. ராத்திரி படுத்தாத் தூக்கம் வர மாட்டேங்குது. ரெண்டு மணிக்கு முழிப்புத் தட்டுனா அப்புறம் விடியற வரைக்கும் முழிச்சேதான் கிடக்கறேனுங்க. ஆறு கிலோ எடை வேற குறைஞ்சு போச்சு."

நாடி பார்த்தேன். பித்தம் ஏறியிருந்தது. ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டும் சரியாகவே இருந்தன. சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். காலைப் பலகாரம் பதினொரு மணிக்கு. அதற்குள் நாலு டீ. மத்தியானச் சாப்பாடு சில நாள் மாலை நாலு மணிக்கு, சில நாள் கிடையாது.

"எத்தனை நாளா இப்படி?"

"சத்துமாவு வியாபாரம் ஆரம்பிச்சு எட்டு மாசமாச்சுங்க. அப்போருந்துதான்."

சொல்லிக்கொண்டே பையைத் திறந்து ஒரு பாக்கெட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். பிரித்ததும் வறுத்த கேழ்வரகு வாசனையும் ஏலக்காய் வாசனையும் அறை முழுக்கப் பரவின. நல்ல சரக்கு! கை தேர்ந்தவர் என்பது முகர்ந்தாலே தெரிந்தது.

"விலை என்னம்மா?"

"அட, உங்ககிட்டப் போய்க் காசு வாங்கறதாங்க!"

நோயின் வேர் எங்கே இருக்கிறது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மருந்து எழுதும்போது அவர் கேட்ட கேள்வி என்னை விட்டபாடில்லை.

"பிடிச்ச வேலையையே தொழிலாப் பண்ணினா அலுப்பே தெரியாதுன்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கு மட்டும் ஏனுங்க இப்படி ஆச்சு?"

அவருக்கு மட்டும் இல்லை வாசகர்களே. எனக்கும் ஆயிற்று. அந்தக் கதையையும் சொல்கிறேன்.

தொழில் மண்

எங்கள் சேலம், நாமக்கல் சமவெளியில் சொந்தத் தொழில் என்பது புது விஷயமே அல்ல. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு, இளம்பிள்ளையில் சேலை, திருச்செங்கோட்டில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டி, நாமக்கல்லில் லாரி, முட்டைக்கோழி... தெருவுக்கு நாலு பேராவது "சொந்தமாப் பண்றேனுங்க" என்பார்கள்.

அதே தெருவில் இருந்துதான் எனக்கு நோயாளிகளும் வருகிறார்கள். நெஞ்செரிச்சல், குன்மம் என்று நாங்கள் சொல்லும் வயிற்று நோய்கள், ஒற்றைத் தலைவலி, தூக்கமின்மை, நாற்பது வயதிலேயே ரத்தக்கொதிப்பு. கேட்டுப் பார்த்தால் பாதிப் பேரிடம் ஒரே கதை. தொழில் மேல் அளவு கடந்த ஆசை, ஆனால் கணக்கு நோட்டு கிடையாது. மீதிப் பேரிடம் கணக்கு நோட்டு மட்டும் இருக்கும். செய்கிற வேலையைக் கண்டாலே கசப்பு. இரண்டு பேரும் ராத்திரி தூங்குவதில்லை!

நான் பட்ட பாடு

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்துவிட்டு, தொண்ணூறுகளின் நடுவில் ஊருக்கு வந்து சின்னதாக ஒரு டிஸ்பென்சரி போட்டேன். எனக்கு வைத்தியத்தைக் காட்டிலும் மருந்து செய்வதில் ஆசை அதிகம். லேகியம் கிண்டுவது, தைலம் காய்ச்சுவது என்றால் சோறு தண்ணி வேண்டாம். விறகடுப்பில் தைலம் பதம் வருகிற நேரத்தில் என் வீட்டம்மா கூப்பிட்டால்கூடக் காதில் விழாது.

நோயாளிகளிடம் காசு கேட்கக் கூச்சம். "அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே பத்து வருஷம் ஓடியது. வீட்டு அடுப்பு எரிந்தது வீட்டம்மாவின் வாத்தியார் சம்பளத்தில். இதை எழுதவே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

2004-ல் ஒரு வேகம் வந்தது. என் தலைமுடித் தைலத்துக்கு நல்ல பேர் இருந்தது. அதை வெளியூருக்கும் விற்கலாமே என்று இறங்கினேன். சொந்த நோயாளிக்கு மட்டும் வைத்தியர் செய்து கொடுப்பது வேறு. கடையில் விற்பதற்கென்று தயாரித்தால், 1940-ம் வருஷத்து மருந்துச் சட்டப்படி உற்பத்தி உரிமம் வேண்டும். தனிக் கட்டடம், சுத்தமான அறை, சோதனை, பதிவேடு எல்லாம் வேண்டும். பாங்கியில் கடன் வாங்கி எல்லாவற்றையும் செய்தேன். வெளியூர் மொத்த வியாபாரி ஒருவர் வந்து, "எத்தனை பாட்டில் கொடுத்தாலும் நான் எடுத்துக்கறேன்" என்றார். மூன்று தவணையில் 1,60,000 ரூபாய்ச் சரக்கைக் கடனுக்கு அனுப்பினேன். எழுத்து மூலம் ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்கவில்லை. முதல் தவணைக்குப் பாதிப் பணம் வந்தது. அப்புறம் மனுஷனே இல்லை.

வீட்டம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. எனக்கு வயிற்றில் எரிச்சல் ஆரம்பித்தது. ஊருக்கெல்லாம் குன்மத்துக்கு மருந்து கொடுக்கிற வைத்தியன், ராத்திரி மூன்று மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தேன்!

ஆனால் உண்மையான அடி பணத்தில் விழவில்லை. ஒரு நாள் முழங்கால் வலிக்கு வந்த பாட்டி ஒருத்தியிடம், "இந்தத் தலைமுடித் தைலமும் வாங்கிக்குங்க ஆத்தா, தலைக்குக் குளிர்ச்சி" என்றேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை எண்ண ஆரம்பித்தார். எனக்குச் சுருக்கென்றது. பாட்டிக்கு அந்தத் தைலம் தேவையே இல்லை. தேவைப்பட்டது எனக்கு, பாங்கித் தவணை கட்ட!

அன்றைக்கு ஒன்று புரிந்தது. பத்து வருஷம் கணக்குப் பார்க்காமல் இருந்ததுதான் என்னை இந்த இடத்துக்குக் கொண்டுவந்தது. கணக்கு இருந்திருந்தால் கடன் இல்லை. கடன் இல்லாவிட்டால் அந்தப் பாட்டியிடம் நான் அப்படிப் பேசியிருக்க மாட்டேன். ஆசைக்குக் கணக்கு எதிரி என்று நினைத்திருந்தேன். ஆசை கெட்டுப் போகாமல் காத்து நிற்பதே கணக்குதான்.

ஏற்காடு சாலையில் ஒரு வளைவு

சேலத்திலிருந்து ஏற்காடு போகிற சாலையில் ஒரு பழைய நுழைவு வளைவு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் வாசல் அது. உள்ளே இருந்த ஸ்டூடியோ போய்விட்டது. வளைவு மட்டும் இன்றும் நிற்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் டி.ஆர்.சுந்தரத்தை நினைத்துக்கொள்வேன்.

திருச்செங்கோடு ராமலிங்கம் சுந்தரம் 1907-ல் பிறந்தவர். நெசவுத் தொழில் செய்த குடும்பம். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரம் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தார். அந்தப் படிப்புக்கு ஒரு நூல் மில் வைத்து நிம்மதியாக இருந்திருக்கலாம். அவருக்கு ஆசை சினிமா மேல். ஊர் திரும்பியதும் சேலத்தில் ஏற்கெனவே படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களோடு சேர்ந்து வேலையைக் கற்றுக்கொண்டார். அதன் பிறகுதான், 1935-ல், சொந்த ஸ்டூடியோவைத் தொடங்கினார். 1937-ல் முதல் படம் 'சதி அகல்யா' வெளிவந்தது.

கவனியுங்கள். முதலில் அடுத்தவர் தொழிலில் கற்றுக்கொண்டார். ஆசை வந்த அன்றே கடன் வாங்கிக் கட்டடம் கட்டவில்லை.

அந்தக் காலத்தில் சினிமா எடுத்துச் சொத்தைத் தொலைத்தவர்கள் பல பேர். சுந்தரம் மட்டும் எப்படி நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரிக்கிற கம்பெனியை நடத்தினார்? செலவில் கறார், நேரத்தில் கண்டிப்பு என்று பேர் வாங்கியவர் அவர். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, லேபரட்டரி எல்லாம் ஒரே வளாகத்தில். கலைஞர்களும் தொழிலாளர்களும் பலர் மாதச் சம்பளத்தில். ஒரு படத்துக்கு என்ன செலவாகும், எத்தனை நாள் ஆகும் என்பதை முன்கூட்டியே கட்டுக்குள் வைக்க இந்த ஏற்பாடு உதவியது.

இப்படிச் சொன்னால் ஏதோ கஞ்சத்தனமான முதலாளி என்று தோன்றும். பட்டியலைப் பாருங்கள். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-ல் இங்கே தயாரானது. 1940-ல் பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் 'உத்தமபுத்திரன்'. 1950-ல் கலைஞர் கருணாநிதி வசனத்தில், எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கரின் இயக்கத்தில், எம்.ஜி.ஆர். நடித்த 'மந்திரி குமாரி'. 1952-ல் ஓர் அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து ஆங்கிலப் படம். 1956-ல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. 1961-ல் மலையாளத்தின் முதல் வண்ணப் படமான 'கண்டம் பெச்ச கோட்டு'.

யாரும் செய்யாததைச் செய்து பார்க்கிற ஆசை இல்லாதவர் இத்தனை 'முதல்'களைச் செய்ய முடியுமா? மந்திரம், சண்டை, துப்பறியும் கதை என்று ஜனங்கள் விரும்பிப் பார்த்த படங்கள் ஸ்டூடியோவின் அடுப்பை எரித்தன. அந்த அடுப்பு அணையாமல் இருந்ததால் புதுசாக ஒன்றைச் செய்து பார்க்கத் தெம்பு இருந்தது. முதல் படம் எடுத்துப் பத்தொன்பது வருஷம் கழித்துத்தான் கலர் படம் வந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இந்தக் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. சுந்தரம் 1963-ல் காலமானார். வயது ஐம்பத்தாறு. அவருக்குப் பிறகு மகன் ராமசுந்தரம் சில வருஷங்கள் நடத்தினார். ஆனாலும் அந்தப் பழைய ஓட்டம் நீடிக்கவில்லை. ஒரே ஒரு மனிதரின் தோளில் நிற்கிற தொழில், அந்தத் தோள் சாய்ந்தால் என்ன ஆகும்? ஐம்பதுகளில் இருக்கிற எனக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் அழுத்தமாகவே படுகிறது. தொழில் தொடங்குகிறவர் போடும் முதல் மூலதனம் அவருடைய உடம்புதான். அந்த மூலதனத்துக்கு வட்டி கட்டாமல் இருக்க முடியாது.

செய்கிற கையும் விற்கிற கையும்

எங்கள் ஊர் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பிறந்த விதத்தையும் கேளுங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மலேயாப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் மாவும் நின்றுபோயின. சேலத்தில் மீன் வியாபாரம் செய்துவந்த மாணிக்கம் செட்டியார் வியாபார விஷயமாகக் கேரளாவுக்கு அடிக்கடி போய்வருவார். அங்கே மரவள்ளிக் கிழங்கு தாராளம். பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷா என்பவருக்குக் கிழங்கிலிருந்து மாவு எடுக்கிற விவரம் தெரியும். இருவரும் சேர்ந்தார்கள். 1943-ல் சேலத்தில் தொழில் ஆரம்பமானது. உற்பத்தியைப் பெருக்குகிற இயந்திரத்தை வெங்கடாசலக் கவுண்டர் என்ற கைதேர்ந்த மெக்கானிக் உருவாக்கிக் கொடுத்தார்.

ஒருவருக்குச் சந்தை தெரியும். ஒருவருக்குச் சரக்கு தெரியும். ஒருவருக்கு இயந்திரம் தெரியும். மூன்றும் ஒரே ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் அடம் பிடிக்கவில்லை. பிற்பாடு, 1981-ல், ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் ஒன்றுகூடி 'சேகோசர்வ்' என்ற கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். விற்பனைக்கு அது ஒரு பொதுவான இடமானது.

பொருளை உருகி உருகிச் செய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் விலை பேச வராது. அது குறை அல்ல. ஆனால் விலை பேசத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதது குறைதான். கணவர், தங்கை, நம்பகமான பக்கத்து வீட்டுக்காரர், யாராக இருந்தாலும் சரி.

கோட்டக்கல் காட்டிய வழி

என்னுடைய தொழிலிலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. வைத்தியரத்னம் பி.எஸ்.வாரியர். 1869-ல் பிறந்தவர். 1902-ல் கேரளத்தின் கோட்டக்கல்லில் ஆர்ய வைத்திய சாலையைத் தொடங்கினார். அதுவரை வைத்தியர் மூலிகைகளை எழுதிக் கொடுப்பார், நோயாளி வீட்டில் தேடிப் பிடித்துக் கஷாயம் வைக்க வேண்டும். அதைத் தயார் மருந்தாகச் செய்து விற்கலாம் என்று கண்டவர் அவர். அடுத்த வருஷமே 'தன்வந்தரி' என்ற வைத்தியப் பத்திரிகையையும் ஆரம்பித்தார். 1917-ல் ஆயுர்வேதப் பாடசாலை தொடங்கினார். பிறகு தர்ம ஆஸ்பத்திரி.

அவருக்கும் ஓர் ஆசை இருந்தது. நாடகம்! சொந்த நாடகக் குழுவையே வைத்து நடத்தினார். பிற்காலத்தில் அதுவே கதகளிக் குழுவாக மாறியது. மருந்து விற்ற வருமானம் இருந்ததால் நாடகம் நடந்தது. நாடகத்துக்காக மருந்தில் கலப்படம் செய்யவில்லை. 1944-ல் காலமாவதற்கு முன்பே, 1939-ல், வைத்திய சாலை தர்ம ஸ்தாபனமாகத் தொடர்ந்து நடக்கும்படி உயில் எழுதி வைத்தார். இன்றும் அது நடக்கிறது.

வாரியர் செய்ததும் நான் செய்ததும் ஒரே தொழில்தானே, அவருக்கு ஏன் கைகூடியது? வைத்தியம், மருந்து தயாரிப்பு, தர்மம், கலை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடமும் ஏற்பாடும் அவரிடம் இருந்தன. நான் எல்லாவற்றையும் ஒரே மேஜை இழுப்பறைக்குள் போட்டுக் குழப்பினேன்.

அப்புறம் என்ன செய்தேன் என்கிறீர்களா? விற்பனைத் தைலத்தை நிறுத்தினேன். பெரிய பாத்திரங்களை விற்றேன். கடனை அடைக்க ஐந்து வருஷம் ஆயிற்று. இப்போது ஆலோசனைக் கட்டணம் இவ்வளவு என்று பலகையில் எழுதி வைத்திருக்கிறேன். முடியாதவர்களுக்கு வியாழக்கிழமை இலவசம். என் நோயாளிகளுக்குத் தேவையான மருந்தை மட்டும், ஞாயிற்றுக்கிழமைகளில், அதே விறகடுப்பில் செய்கிறேன். பணக்காரன் ஆகவில்லை. ஆனால் தைலம் பதம் வருகிறபோது பழைய சந்தோஷம் அப்படியே இருக்கிறது. ராத்திரி தூக்கமும் வருகிறது.

நாற்பது பக்க நோட்டு

சரி, அந்தச் சத்துமாவு அம்மணியின் கதைக்கு வருவோம். மருந்தோடு ஒரு வேலையும் கொடுத்தேன். "பையனோட நாற்பது பக்க நோட்டு ஒண்ணு எடுத்துக்கோம்மா. அடுத்த பத்து கிலோ சரக்குக்கு ஒத்தப் பைசா விடாம எழுதிட்டு வா."

பத்து நாள் கழித்துக் கணவரோடு வந்தார். நோட்டில் இருந்தது இதுதான்: தானியம், பயறு, பருப்பு வகை 1,450 ரூபாய். மில் கூலி 150. வறுக்கிற காஸ் 100. பாக்கெட், லேபிள் 120. ஆட்டோ 80. ஆக 1,900 ரூபாய்.

"பத்து கிலோ போட்டா எத்தனை கிலோ மாவு வருது?"

"ஒம்போதுதாங்க. கல்லு மண்ணு எடுத்து, வறுத்து, அரைக்கறதுல ஒரு கிலோ போயிருது."

"சும்மா கொடுக்கறது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அரைக் கிலோ இருக்குங்க."

மீதி எட்டரைக் கிலோ. கிலோ 220 ரூபாய்க்கு விற்றால் வருவது 1,870. இரண்டு நாள் முதுகொடிய வேலை செய்து, கையிலிருந்து 30 ரூபாய் போட்டு, ஊருக்குச் சத்துமாவு கொடுத்துக்கொண்டிருந்தார்!

கணவர் மெதுவாகச் சொன்னார்: "வீட்டுல சும்மா இருக்கறதுக்கு ஏதோ செய்யறான்னு விட்டுட்டனுங்க."

"உங்க பட்டறையில சும்மா வெல்டிங் வைப்பீங்களா தம்பி?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

அவருடைய இரண்டு நாள் வேலைக்கு, நாளுக்கு 400 ரூபாய் என்று 800-ஐ நோட்டில் எழுதச் சொன்னேன். செலவு 2,700 ஆனது. எட்டரைக் கிலோவுக்குப் பங்கிட்டால் கிலோ 318 ரூபாய். இதற்கு மேல் கொஞ்சமாவது நிற்க வேண்டுமென்றால் 350-க்குக் குறைந்து விற்கக் கூடாது.

"அவ்வளவு சொன்னா யாருங்க வாங்குவாங்க?" என்று பதறினார். கால் கிலோ பாக்கெட்டாகப் போட்டு 90 ரூபாய் வைக்கச் சொன்னேன். மாதாமாதம் வாங்குகிற வீட்டாரிடம் காரணத்தை நேராகச் சொல்லிவிடச் சொன்னேன். இலவசப் பாக்கெட்டுக்குப் பதில் ஒரு தம்ளர் கஞ்சி. வீடு தேடி வருகிறவருக்குக் காய்ச்சிக் கொடுத்தால் போதும்.

தொடங்கப் போகிறவர்களுக்கு

நான் பாங்கி மேனேஜர் இல்லை. நோயாளிகளின் வயிற்றைப் பார்த்துக் கற்றுக்கொண்டவை இவை:

* தொழில் பணமும் வீட்டுப் பணமும் ஒரே டப்பாவில் கூடாது. தனி பாங்கிக் கணக்கு வையுங்கள். உங்களுக்கென்று ஒரு சம்பளம் எழுதுங்கள், சின்னதாக இருந்தாலும் சரி.
* வேலையை விடுவதற்கு முன் ஆறு மாச வீட்டுச் செலவைத் தனியாக ஒதுக்குங்கள். பிள்ளைகள் ஃபீஸ், வைத்தியச் செலவு இரண்டையும் சேர்த்து. அதுவரை மாலை நேரத் தொழிலாகச் செய்து பாருங்கள்.
* கடனுக்குச் சரக்கு கொடுத்தால் சீட்டு வாங்குங்கள். ஒரே ஆளுக்கு மொத்தச் சரக்கையும் கொடுக்காதீர்கள். என் 1,60,000 ரூபாய் சொல்லிக் கொடுத்த பாடம்!
* உணவுப் பொருள் என்றால் வீட்டில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். மருந்து என்று பேர் வைத்தால் சட்டமே வேறு. "சர்க்கரையைக் குணமாக்கும்" என்று லேபிளில் அச்சடிப்பது குற்றம்.
* கடன் தேவையென்றால் கந்துவட்டிப் பக்கம் போகாதீர்கள். மாவட்டத் தொழில் மையத்தில் மானியத்தோடு கூடிய கடன் திட்டங்களை விசாரியுங்கள். பாங்கிகளில் 2015 முதல் முத்ரா கடனும் உண்டு.
* வரவு குறைவாக இருந்தாலும் செலவு அதைத் தாண்டாமல் இருந்தால் கெடுதல் இல்லை என்பது வள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்தில் சொன்ன கருத்து. கடை திறப்பு விழாவுக்குச் செலவழிக்கும் முன் ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பின் கணக்கு

வேளை தப்பிய சாப்பாடும் ராத்திரிக் கண்விழிப்பும் பித்தத்தைக் கிளப்பும் என்பது சித்த மருத்துவத்தின் பாலபாடம். இரவில் தூங்க வேண்டும், எண்ணெய் முழுக்கை விடக் கூடாது என்று தேரையர் சொன்ன நோய் அணுகா விதிகள் தொழில் செய்கிறவர்களுக்கென்றே எழுதியவை போல இருக்கும்.

காலை எட்டரைக்குள் ஏதாவது சாப்பிடுங்கள். இரண்டு இட்லி போதும், அல்லது ஒரு தம்ளர் கஞ்சி. வெறும் வயிற்றில் டீ, காபி வேண்டாம். மத்தியானம் நீர் மோர், வாரம் இரண்டு நாள் மணத்தக்காளிக் கீரை. வயிற்றுப்புண்ணுக்குப் பேர் போன கீரை அது. வயிறு நொந்திருக்கிற நாளில் ஜவ்வரிசிக் கஞ்சி எளிதில் செரிக்கும். ஆனால் அது பெரும்பாலும் மாவுச்சத்துதான், சர்க்கரை நோயாளிகள் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வாரம் ஒரு நாளாவது நல்லெண்ணெய்க் குளியல். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் செல்போனில் ஆர்டர் பார்க்காதீர்கள். ஆர்டர் காலையிலும் அங்கேதான் இருக்கும்!

ஓர் எச்சரிக்கை. நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை என்று வந்தால் 'காஸ்' என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மலம் கறுப்பாகப் போனாலும், வாந்தியில் ரத்தம் தெரிந்தாலும் அப்படித்தான். காரணம் தெரியாமல் எடை குறைந்தால் பரிசோதனை செய்யாமல் விடக் கூடாது. அந்த அம்மணியையும் முதல் நாளே எண்டோஸ்கோப்பிக்கு அனுப்பினேன். இரைப்பையில் வீக்கம் மட்டும்தான் என்று வந்த பிறகே நிம்மதி. ரத்தக்கொதிப்புக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்த வேண்டாம். கடையில் பற்பம், செந்தூரம் வாங்கித் தாங்களே சாப்பிடவும் வேண்டாம்.

தை மாசம்

பொங்கல் கழிந்து அந்த அம்மணி மறுபடி வந்தார். முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது.

"வியாபாரம் எப்படிம்மா?"

"பத்து வீட்டுல மூணு வீடு நின்னுபோச்சுங்க. ஒரு அக்கா மூஞ்சி குடுத்துக்கூடப் பேசறதில்ல." சொல்லும்போது குரல் கம்மியது. கொஞ்ச நேரம் கழித்து, "மீதி ஏழு வீடு வாங்கறாங்க. ஸ்கூல் டீச்சருங்க நாலு பேரு புதுசாச் சேந்திருக்காங்க. மாசக் கடைசியில கையில நிக்குதுங்க" என்றார்.

"தூக்கம்?"

"பத்து மணிக்குப் படுத்தா அஞ்சு மணிக்குத்தான் முழிப்பு வருது. வறுக்கறப்ப பாட்டுக்கூடப் பாடறனாம், பையன் கிண்டல் பண்றான்."

கிளம்பும்போது பையைத் திறந்து ஒரு கால் கிலோ பாக்கெட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"விலை என்னம்மா?" என்று கேட்டேன்.

ஒரு நொடி தயங்கினார். கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"தொண்ணூறு ரூவாய்ங்க."

நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். வாங்கிக்கொண்டு, சுருக்குப்பையிலிருந்து பத்து ரூபாயை எடுத்து மீதி கொடுத்துவிட்டுப் போனார்.